இஸ்திரி போட்ட சட்டை

"வீட்லி ஆபீஸ், வணக்கம். உங்க பேரும் ஊரும் சொல்லுங்க."

இருபது வருடமாகப் போனை எடுத்தால் நான் சொல்வது இதுதான். அந்தப் பக்கம் இருப்பவர் திட்டுவார், அழுவார், சிலர் பைபிள் வாசிப்பார்கள். எல்லாம் முடிந்ததும், "உங்க கருத்தை உறுப்பினர்கிட்ட சேர்த்துடறேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே என் கருத்துக்கு இடம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். உறுப்பினருக்குக் கருத்து உண்டு, தொகுதிக்குக் கருத்து உண்டு, நடீன் கோம்ப்ஸ் என்கிற எனக்குக் கிடையாது.

அந்த வசந்த காலத்தில் போன் ஓயவே இல்லை. வாஷிங்டனில் ஒரு மசோதா கொண்டு வந்திருந்தார்கள். அரசாங்கம் உள்நாட்டில் செலவழிப்பதைக் குறைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடச் சாப்பாடு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கத் தரும் உதவி, ஏழைகளின் வைத்தியச் செலவு, முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளம் என்று எதையும் விட்டு வைக்கவில்லை. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் சுரங்கங்கள் மூடிய பிறகு இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சர்ச்சும் கூடைப்பந்தும்தான்.

வாஷிங்டன் சபையில் எங்கள் தொகுதியின் உறுப்பினர் கார்ல்டன் வீட்லி எந்தப் பக்கம் என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை. மசோதா ஒன்றிரண்டு ஓட்டில்தான் நிற்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். அதனால் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் ஆபீசைக் கூப்பிட்டார்கள். தெரிந்தவர்களும் கூப்பிட்டார்கள். ஒருநாள் எடுத்தால், என் தம்பியின் பக்கத்து வீட்டு ஓடிஸ்.

"நடீன், நான்தான். நான் ஆதரவு. எழுதிக்கோ."

"பேரும் ஊரும் சொல்லுங்க ஓடிஸ் அண்ணே."

"அடிப்பாவி, என் கோழி முட்டையைத் தின்னு வளர்ந்தவ, என் பேரு தெரியாதா உனக்கு?"

"கேக்கணும் அண்ணே. வேலை."

"சரி, ஓடிஸ் ஹால், லாரல் ஃபோர்க். உழைக்கிறவன் காசை எடுத்துக் கால் நீட்டிப் படுத்திருக்கிறவனுக்குக் குடுக்கிறது எனக்குப் பிடிக்கலை. உன் தம்பியையே எடுத்துக்கோ. சுரங்கம் அவன் முதுகை உடைச்சுப் போட்டுது. அவன் யார்கிட்டயாவது கை நீட்டினானா? காலையில போய்க் கூப்பிட்டா, நல்லாருக்கேன்னு குரல் குடுக்கிறான். அந்த சர்ச்சுப் பொண்ணு வந்து கூட மாட உதவி பண்ணுது. மனுஷனுக்கு மனுஷன் அப்படித்தான் இருக்கணும். இதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?"

நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிரில் இருக்கும் சவ அடக்கக் கடைக்காரர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க கருத்தை உறுப்பினர்கிட்ட சேர்த்துடறேன் அண்ணே," என்றேன்.

அந்த சர்ச்சுப் பொண்ணு மிஸ்டி. அவளுக்கும் எங்கள் சர்ச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வரை தூங்குகிறவள். அவளுக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். என் தம்பி டெல்மர்தான் ஓடிஸிடம் அப்படி ஒரு கதை விட்டு வைத்திருந்தான். அரசாங்க ஆள் வந்து என் பின்பக்கத்தைக் கழுவிவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பது அவன் வாதம்.

டெல்மருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. சுரங்கக் கூரை விழுந்ததில் முதுகும் ஒரு தோளும் போயின. அப்பா விட்டுப்போன வீட்டில், லாரல் ஃபோர்க் ஓடைக்கரையில், தனியாக இருக்கிறான். இருக்க முடிகிறது என்றால் அது மிஸ்டியால். காலையில் வந்து துடைத்து, மூத்திரப் பையை மாற்றி, உடுத்திவிடுவாள். படுக்கைக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே வழவழப்பான ஒரு பலகையைப் போட்டு, அவன் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் நாற்காலிக்குச் சறுக்கிவிடுவாள். சாயங்காலம் திரும்பவும் படுக்கைக்கு. இடைப்பட்ட நேரத்தில் டெல்மர் ஒரு முழு மனுஷன். சமைப்பான், ரேடியோ ரிப்பேர் பார்ப்பான், முகப்பில் உட்கார்ந்து போகிற வருகிறவனை எல்லாம் கிண்டல் பண்ணுவான்.

மிஸ்டி இல்லையென்றால் அவன் போக வேண்டிய இடம், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பராமரிப்பு இல்லம். என்னோடு வைத்துக்கொள்ள முடியாது. நான் இருப்பது டவுனில் ஒரு கடைக்கு மேல் மாடியில். என் வலது தோளில் ஒரு தடவை அறுவை செய்தாயிற்று, ஒரு பால் கேனைத் தூக்கினாலே வலிக்கும்.

"அங்க போனா பக்கத்துக் கட்டில்ல எவனாவது நம்ம பரம எதிரி டென்னசி டீம் ரசிகன் படுத்திருப்பான்கா," என்பான் டெல்மர். "அதுக்கு நான் திரும்பவும் சுரங்கத்துக்குள்ளயே போயிடுவேன்."

ஒரே ஒரு தடவை சிரிக்காமல் சொன்னான். "இந்த வீட்டுலேருந்து என்னைக் கொண்டு போனா, நான் அதிக நாள் தாங்க மாட்டேன். உனக்குத் தெரியும்ல?" எனக்குத் தெரியும். பயமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, காலையில் போய்ப் போனை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்லி வாஷிங்டனிலிருந்து என்னைக் கூப்பிடுவார். எப்போதும் அதே கேள்விதான். "போன்ல என்ன சொல்றாங்க நடீன்?"

"பெரும்பாலும் எதிர்ப்புதான் சார்."

"கோபமா இருக்கிறவன்தான் போனை எடுப்பான். சும்மா இருக்கிறவன் என்ன நெனைக்கிறான்னுதான் எனக்குத் தெரியணும்."

"சார், ஒரு உதவி."

 "நீ உதவி கேட்டு நான் பார்த்ததே இல்லையே," என்றார்.

"அடுத்த வாரம் ஊருக்கு வர்றீங்க. என் தம்பி வீட்டுக்கு ஒரு தடவை வரணும். அவன் எப்படி இருக்கான்னு கண்ணால பாருங்க. அப்புறம் எப்படி வேணும்னாலும் ஓட்டு போடுங்க."

"செவ்வாய்க்கிழமை காலையில வர்றேன்," என்றார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. வீட்லி கெட்ட மனிதர் இல்லை. அடுத்த பள்ளத்தாக்கில் பிறந்தவர். எங்கள் அப்பா இறந்தபோது தானே ஒரு முழுப் பன்றித்தொடையைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தவர். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பெரிய நம்பிக்கை.

திங்கள் சாயங்காலம் டெல்மர் வீட்டில் ஒத்திகை.

"என்னதான் சொல்லணும்ங்கிற?"

"உள்ளதைச் சொல்லு. மிஸ்டி வரலைன்னா என்ன ஆகும்னு சொல்லு. அந்தப் பெரிய பனி விழுந்து ரோடு மூடி, மிஸ்டி வர முடியாம, ராத்திரியும் பகலுமா படுக்கையிலயே கிடந்தியே, அதைச் சொல்லு. முதுகுல புண் வந்ததைச் சொல்லு."

"புண்ணையெல்லாமா சொல்லுவாங்க?"

"அதைத்தான்டா சொல்லணும்."

"சரி. சொல்றேன்." கையை உயர்த்திச் சத்தியம் பண்ணுவதுபோல் காட்டினான்.

மிஸ்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நாளைக்கு நான் வரலை. அந்த ஆளு வர்றப்ப நீங்க எப்படி முழிச்சீங்களோ அப்படியே கிடங்க. நாத்தத்தோட பாக்கட்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம் நீங்க."

டெல்மரின் முகம் சிவந்துவிட்டது. "வீட்டுக்கு ஒருத்தர் வர்றப்ப நான் மூத்திரத்துல கிடக்கணுமா? இது எங்க அப்பா வீடு. நீ எப்பவும் வர்றதைவிடச் சீக்கிரமா வா. முகத்தை மழிச்சு விடு. அந்த நீலச் சட்டைக்கு இஸ்திரி போடு. மடிப்பு நிக்கணும்."

மிஸ்டி என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. எனக்கோ, வெட்கமாக இருக்கிறது சொல்ல, அவன் சொன்னதுதான் சரி என்று பட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால் அப்படித்தான். கூரை ஒழுகினால் ஒழுகுகிற இடத்தில் நாமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வோமே தவிர, விருந்தாளி கண்ணில் படும்படி வாளி வைக்க மாட்டோம். நானும் வீட்டுக்குப் போய் ஆப்பிள் அடுக்குக் கேக் செய்தேன்.

மறுநாள் வீட்லி வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. படுக்கை அறையைச் சாத்தியிருந்தார்கள். மலம் கழிக்கும் நாற்காலியை மிஸ்டி பின்கட்டில் தள்ளி மேலே போர்வை போட்டிருந்தாள். மூத்திரப் பை தெரியாமல் இருக்க மடியில் அம்மாவின் ஒட்டுப்போர்வை. டெல்மர் கைகளில் இஸ்திரி மடிப்பு நிற்கும் நீலச் சட்டையில், தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி முகப்பில் இருந்தான். மிஸ்டி அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என் காதில், "வேலையை ரொம்ப நல்லா செஞ்சுட்டேன் அக்கா. இவருக்கு எதுக்கு உதவிக்கு ஆளுன்னு கேப்பான் அவன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"டெல்மர்!" வீட்லி இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்னப்பா, இந்தச் சட்டையில கல்யாணத்துக்குப் போறவன் மாதிரி இருக்கே."

"கூடைப்பந்துல உங்க ஸ்கூலை உங்க ஊர்லயே வச்சு அடிச்சோமே சார், ஞாபகம் இருக்கா?"

"ரெஃப்ரி உங்க மாமாடா!"

"மாமாவா இருந்தா என்ன? பந்து வளையத்துக்குள்ள போனது போனதுதானே."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் காப்பி ஊற்றினேன். கேக் நன்றாக இருக்கிறது என்று வீட்லி இரண்டாம் துண்டு கேட்டார். வண்டிக்காரர் வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டெல்மரைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினேன். அவன் மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் வீட்லியே கேட்டார். அதை நான் மறுக்க மாட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டார்.

"டெல்மர், ஒளிக்காம சொல்லு. இந்த மசோதா வந்து, உனக்கு உதவிக்கு வர்ற ஆள் நின்னுட்டா, நீ என்ன பண்ணுவே?"

டெல்மர் என்னைப் பார்த்தான். மடியில் இருந்த போர்வையைப் பார்த்தான். சட்டையின் மடிப்பை விரலால் ஒரு தடவை நீவிவிட்டான்.

"எங்க பாட்டை நாங்க பாத்துக்குவோம் சார்," என்றான். "எப்பவும் பாத்துக்கிட்டுதானே இருக்கோம்."

"டெல்மர்," என்றேன். "அந்தப் பனியைப் பத்திச் சொல்லு."

"பனியா?" என் கண்ணைப் பார்க்கவில்லை அவன். "அந்த வருஷம் பனி ஜாஸ்திதான். உங்க பக்கம் எப்படி சார் இருந்துது?"

வீட்லி தன் பக்கத்துப் பனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் காப்பிப் பாத்திரத்தோடு நின்றேன். என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. கை சுட்டது, அது மட்டும் தெரிந்தது.

வண்டிவரை கூடப் போனேன். "சார், அவன் பெருமைக்குச் சொல்றான். அவனால எழுந்து உட்காரக்கூட முடியாது."

"தெரியும் நடீன்." என் தோளைத் தட்டினார், வலிக்கிற தோளை. "அந்தப் பெருமைதான் நம்ம ஜனங்களோட சொத்து. உன் தம்பி மாதிரி ஆளுங்கதான் இந்த ஊரோட முதுகெலும்பு."

முதுகு உடைந்தவனை முதுகெலும்பு என்று சொல்லிவிட்டுப் போனவரைப் பார்த்துச் சிரிப்பதா என்று நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

"எதுக்குடா? எதுக்கு அப்படிச் சொன்னே?"

டெல்மர் மடியிலிருந்த போர்வையை உருவிக் கீழே போட்டான். "வந்ததும் வராததுமா என் சட்டையைப் பத்திச் சொல்லிட்டானேக்கா," என்றான். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

ஓட்டெடுப்பு அடுத்த வாரம். ஆபீஸ் டி.வி.யில் சபை ஓடிக்கொண்டிருந்தது. வீட்லி எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

எங்கள் மலையைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார், அவருக்குப் பேச வரும். பிறகு சொன்னார். தன் தொகுதியில் ஒரு சுரங்கத் தொழிலாளி இருக்கிறார், கூரை விழுந்து கால்கள் போயின, அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன், இந்த உதவி நின்றால் என்ன செய்வீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன், அவர் என்ன சொன்னார் தெரியுமா? எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். வாஷிங்டன் மறந்துபோனது இந்தத் தைரியத்தைத்தான். இந்த மசோதாவை ஆதரிக்கிறேன்.

சபையில் ஒரு பக்கம் கை தட்டினார்கள். என் மேசையில் போன் அடித்தது.

"வீட்லி ஆபீஸ், வணக்கம். உங்க பேரும் ஊரும் சொல்லுங்க."

"டெல்மர் கோம்ப்ஸ்," என்றது அந்தக் குரல். "லாரல் ஃபோர்க்."

"சொல்லுங்க."

"என் கருத்தைப் பதிவு பண்ணணும். எதிர்ப்பு."

பின்னால் அதே டி.வி. சத்தம் கேட்டது. மிஸ்டி ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காரணம் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டும்.

"அந்தப் பனியில," என்று ஆரம்பித்தான். மூச்சை இழுத்துக்கொண்டான். "அந்தப் பனியில ராத்திரியும் பகலுமா நான் என் பீயிலயே கிடந்தேன். முதுகுல வந்த புண்ணுக்குள்ள ஒரு விரல் போற அளவுக்குப் பள்ளம் விழுந்துது. டாக்டர் சொன்னாரு, இன்னொரு நாள் விட்டிருந்தா செத்திருப்பேன்னு. இதை அவர்கிட்டச் சேர்த்துடறியா?"

டி.வி.யில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஆதரவுப் பக்கம் முன்னால் போய்விட்டது.

"உங்க கருத்தை உறுப்பினர்கிட்ட சேர்த்துடறேன்," என்றேன்.

"சரிக்கா," என்று வைத்துவிட்டான்.

மேலவை, ஜனாதிபதி கையெழுத்து, மாநில அரசு என்று அது ஒவ்வொரு படியாக இறங்கி எங்கள் ஓடைக்கரைக்கு வந்து சேர இலையுதிர் காலம் ஆயிற்று. யாரும் வந்து கதவை உடைக்கவில்லை. பணம் இல்லை என்று மிஸ்டியின் ஆபீஸ் எங்கள் பக்கத்து வேலையை மூடிவிட்டது, அவ்வளவுதான். கடைசி நாளில் மிஸ்டி எனக்குப் பலகை போடச் சொல்லிக் கொடுத்தாள். "முழங்காலை மடக்குங்கக்கா. கையால இழுக்காதீங்க, உடம்பால சாயுங்க. சக்கரப் பூட்டைப் போட்டுட்டு நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பாருங்க." டெல்மரின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அழுதாள். இப்போது நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள்.

பராமரிப்பு இல்லத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். "அக்கா இருக்கா, பாத்துக்குவா," என்று டெல்மர் சொல்லிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். விடியும் முன் மலை இறங்கி அவன் வீட்டுக்குப் போவேன், அவனை எழுப்பி உட்கார வைத்துவிட்டு ஆபீஸ், சாயங்காலம் திரும்பவும். தோளில் ஊசி போட்டுக்கொண்டேன். வலி தெரியவில்லை. மற்றதும் தெரியவில்லை. வண்டியில் போகும்போது பாட்டுக் கேட்பேன், என்ன பாட்டு என்று இறங்கியதும் மறந்துவிடும். ஆபீசில் போன் வரும். உதவி நின்றுபோனவர்கள் கூப்பிடுவார்கள். பேரும் ஊரும் கேட்பேன்.

முதல் உறைபனி விழுந்த காலை அது. டெல்மரைத் துடைத்தாயிற்று. நீலச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சட்டையை நாற்காலிக்கு வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றான், சறுக்கும்போது கசங்குகிறதாம். இஸ்திரி போடுவது இப்போது நான். பட்டையைக் கட்டினேன். பலகையைப் போட்டேன். நாற்காலியைப் பூட்டினேன். ஆட்டிப் பார்த்தேனா என்று நினைவில்லை.

பாதி தூரத்தில் நாற்காலி நகர்ந்தது. என் தோளில் ஏதோ அறுந்தது. டெல்மர் என்மேல் சாய்ந்தான், நான் அவனைப் பிடித்தபடியே கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டேன். அவன் முழுக்கனமும் என் மடியில். பை பிதுங்கித் தரையெல்லாம் ஈரம். அவன் வெற்று முதுகு என் முகத்தில் பட்டது. பழைய புண்ணின் தழும்பு கன்னத்தில் உரசியது.

"அடி பட்டுதாடா?"

"தெரியலை. எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரிக்கப் பார்த்தான். "உனக்கு?"

என் கையைத் தூக்க முடியவில்லை. போன் சமையலறையில் இருந்தது.

அப்போது முகப்பில் காலடி. ஓடிஸ். முட்டை கொண்டு வந்திருப்பார்.

"டெல்மர்! எப்படிடா இருக்கே?"

டெல்மர் தலையை நிமிர்த்தினான். தரையில், ஈரத்தில், என் மடியில் கிடந்தபடி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, எப்போதும்போலக் கணீரென்று சொன்னான்.

"நல்லாருக்கேன் அண்ணே!"

"முட்டையை வாசல்ல வச்சிருக்கேன்!" காலடி திரும்பியது. முதல் படி இறங்கியது.

"ஓடிஸ் அண்ணே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நல்லா இல்லை! நாங்க நல்லா இல்லை! உள்ள வாங்க!"

"அக்கா, என்ன பண்றே?" டெல்மர் கிசுகிசுத்தான். "சட்டை. சட்டையைக் குடு முதல்ல."

ஆணியிலிருந்து சட்டையின் கை விளிம்பு தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கையை நீட்டினால் எட்டும்.

"அக்கா, கெஞ்சிக் கேக்கறேன்."

நான் நீட்டவில்லை. நல்ல கையால் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. ஓடிஸ் முட்டைப் பெட்டியோடு அறை வாசலில் நின்றார். எங்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், டெல்மரின் முதுகைப் பார்த்தார். அறையின் வாடையில் அவர் மூக்கு சுருங்கியது. தொப்பியைக் கழற்றினார். அந்த முதுகை அவர் இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை.

"அந்த சர்ச்சுப் பொண்ணு எங்கே?" என்றார்.

டெல்மர் முகத்தைக் கட்டில் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அவ சர்ச்சுப் பொண்ணு இல்லை அண்ணே," என்றேன். "அரசாங்கம் அனுப்பின பொண்ணு. இப்ப அனுப்பறதில்லை."

 அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று போனில் என்னிடம் கேட்டது ஓடிஸுக்கு நினைவு வந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு தோள் வலித்தது, தாங்க முடியாமல் வலித்தது, நான் அழ ஆரம்பித்தேன்.

அவர் முட்டைப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, மண்டியிட்டு, டெல்மரின் அக்குளுக்குக் கீழே கை கொடுத்தார். அவருக்கு எழுபது வயது.

"எங்கே பிடிக்கணும்னு சொல்லுடா," என்றார். "எனக்குத் தெரியாது."

 அவர் காத்திருந்தார். டெல்மர் கட்டிலைப் பார்த்தபடியே, "பட்டையைப் பிடிங்க அண்ணே," என்றான்.